பந்து இல்லாதவள்

ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டாள் கோச் கோமளா. ஃபேன் ஓடினால் திரை அலையடிக்கிறது, படத்தில் கால்பந்து ஆடுகிறவர்கள் எல்லாரும் தண்ணீருக்குள் ஓடுகிற மாதிரி நெளிகிறார்கள், யார் கால் எது என்று தெரிவதில்லை. திரை என்றால் நிஜத் திரை இல்லை. யாரோ வீட்டு மஞ்சள் நீராட்டு விழா பேனரைத் திருப்பி, வெள்ளைப் பக்கம் தெரியும்படி மன்றத்துச் சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். உற்றுப் பார்த்தால் பின்னாலிருந்து அந்தச் சின்னப் பெண்ணின் முகம் மங்கலாகத் தெரியும், மைதானத்தின் நடுவட்டம் சரியாக அவள் மோவாயில் வந்து உட்கார்ந்திருந்தது. எப்சிபா கடைசி வரிசையில், கேரம் பலகையைச் சாய்த்து வைத்திருந்த மூலையில் உட்கார்ந்திருந்தாள். வேர்த்துக் கொட்டியது. வேர்வை புழுக்கத்தால் மட்டுமில்லை என்று அவளுக்குத் தெரியும். இன்னும் கொஞ்ச நேரம், பாதி ஆட்டம் முடியட்டும், அப்புறம் ஐம்பத்தெட்டாவது நிமிடம் வரும், அதில் நான் வருவேன், எல்லாரும் பார்ப்பார்கள். பார்க்கட்டும். ஐயோ, பார்த்துவிட்டால்? இரண்டு நாளாக இதே இரண்டு வார்த்தைதான் அவளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது, ஊஞ்சல் மாதிரி, இந்தப் பக்கம் வந்தால் வயிற்றில் இனிப்பு, அந்தப் பக்கம் போனால் வயிற்றில் பள்ளம். எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் மேசையில் உட்கார்ந்து சட்டைக்குச் சட்டை பிசிறு நூலை வெட்டும்போதும் அதுதான், நேற்று ஒரு சட்டையில் நூலுக்குப் பதில் பொத்தானையே வெட்டிவிட்டாள். சூப்பர்வைசர் "இன்னாம்மா, லவ்வா?" என்று கேட்க, முப்பத்து மூன்று வயதில் முகம் சிவந்துபோய் குனிந்துகொண்டாள். லவ் இல்லை சார், நான் ஓடினேன், நடுக்கோட்டைத் தாண்டி ஓடினேன் என்று எப்படிச் சொல்வது?

கோமளாவின் வழக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பந்து வைத்திருக்கிறவளை அவள் பார்க்கவே மாட்டாள். "பந்த ஊரே பாக்கும். பந்து இல்லாதவ இன்னா பண்றான்னு பாருங்கடீ" என்பாள். கோல் விழுந்த இடத்தில் எல்லாரும் கை தட்டும்போது அவள் படத்தை நிறுத்தி, நாற்பது அடி தள்ளிச் சும்மா நின்றுகொண்டிருக்கிற ஒருத்தியைக் குச்சியால் தொட்டு, "இங்க நீ இன்னா பாத்துக்கினு இருந்த?" என்பாள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள், கோல்கீப்பராக ஆடி முடித்தவள், எதிரே வருகிறவள் எந்தப் பக்கம் போவாள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிப் பழகியவள். எப்சிபாவைவிட ஆறு வயது சின்னவள், "அக்கா" என்றுதான் கூப்பிடுவாள், ஆனாலும் அந்தக் குச்சி தன் உருவத்தின் மேல் வந்து நிற்கும்போதெல்லாம் எப்சிபாவுக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்குத் தப்பிய மாதிரி நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதோடு இன்னொன்று. திரையில் தன்னைப் பார்க்க அவளால் முடிவதில்லை. தன் உருவம் வந்தவுடன் தரையைப் பார்த்துவிடுவாள். சீசன் முழுக்க இப்படி எத்தனை ஆட்டம் ஓட்டினார்களோ, அத்தனையிலும் அவள் பார்த்தது மற்றவர்களை மட்டும்தான். கல்யாண வீடியோவிலும் அப்படித்தான், படம் முழுக்கத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தவளை வீட்டில் போட்டுக் காட்டியபோது, அதைப் பார்க்கவும் தலை குனிந்தே உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு மட்டும் பார்க்கவேண்டும். இன்றைக்கு மட்டும் கண்ணை எடுக்கக் கூடாது. எப்படி இருந்திருக்கும்? காற்று மாதிரி இருந்தது எனக்கு. வெளியிலிருந்து பார்த்தால் மீன்கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடிக்க ஓடுகிறவள் மாதிரி இருக்குமோ?

"வரதண்ணே, இன்னாண்ணே இது, பந்தியக் காட்டுறீங்க?" என்று முன்வரிசையில் யாரோ கத்த, அறை முழுக்கச் சிரிப்பு. வீடியோ எடுத்த வரதன் லேப்டாப் பக்கத்தில் கூச்சத்தோடு நெளிந்தார். அவர் தொழில் கல்யாண வீடியோ. காசு வாங்காமல், மைதானத்துத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று எடுத்துக் கொடுக்கிறவர். ஆனால் கை பழகிய வழக்கத்தை விடவில்லை, ஆட்டத்தின் நடுவே திடீரென்று கேமரா ஜனங்கள் பக்கம் திரும்பி, சுண்டல் தின்னுகிற ஒரு பெரியவரின் வாயருகே போய் நின்றது. "விசேஷத்துக்கு வந்தவங்கள விட்டா மனசு கஷ்டப்படுவாங்கம்மா" என்றார் வரதன். "இது செமி ஃபைனல்ணே, சீமந்தம் இல்ல" என்றாள் தமீமா, அதற்கு இன்னும் சிரிப்பு. தமீமாவுக்கு வாய் நீளம். நடுக்களத்தில் ஆடுகிறவள், கால் ஓடுகிற அதே வேகத்தில் வாயும் ஓடும். செமி ஃபைனல் முதல் பாதியில்கூட ஒரு பந்தை எப்சிபா விட்டபோது, மைதானமே கேட்கும்படி, "இன்னா ஆயா, கால வூட்லயே வச்சிட்டு வந்துட்டியா?" என்று கத்தினாள். ஆயாவாம். எட்டு வயது வித்தியாசத்துக்கு ஆயா. அதிலிருந்து எப்சிபா அவளோடு பேசவில்லை, அவள் கொடுத்த குளுக்கோஸ் தண்ணீரையும் வாங்கவில்லை. இருக்கட்டும். இப்போது வரும் பார், ஆயாவின் கால் எங்கே இருந்தது என்று வீடியோவே சொல்லும். இப்படி நினைத்ததும் ஊஞ்சல் மறுபக்கம் போனது. சொன்னால் என்ன ஆகும்? பக்கத்தில் சுகன்யா உட்கார்ந்திருந்தாள், முழங்காலைக் கட்டிக்கொண்டு, திரையைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டு. லீக் தொடக்கத்தில் லெஃப்ட் பேக் இடம், இடது ஓரத்துக் காவல், சுகன்யாவுடையது. ஒருநாள் ஆசைப்பட்டு நடுக்கோட்டைத் தாண்டி முன்னால் போனாள், அவள் விட்டுப்போன இடத்தின் வழியாகவே எதிர் டீம் புகுந்து கோல் போட்டது. இப்படித்தான், இதே மன்றத்தில், இதே குச்சி அந்தக் காலி இடத்தைத் தொட்டது. "இது யார் வூடு? பூட்டாம போனது யாரு?" என்றாள் கோமளா. லெஃப்ட் பேக் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது, தாண்டினால் வெளியே உட்காரவேண்டும், அவ்வளவுதான் சட்டம். அன்றிலிருந்து சுகன்யா வெளியே. அதனால்தான் எப்சிபா உள்ளே. அந்த இடத்தில் நின்றுகொண்டு அதே கோட்டைத் தாண்டியிருக்கிறேன். நாளைக் காலை ஃபைனல். படம் முடிந்ததும் கோமளா பதினோரு பேரைச் சொல்வாள். கல்யாணத்துக்காக விட்டு, பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு திரும்பி வந்து, சின்னப் பெண்களோடு மூச்சு வாங்க ஓடி, ஒரு ஃபைனல், வாழ்க்கையில் ஒரே ஒரு ஃபைனல், அடுத்த வருஷம் இந்த முட்டி இருக்குமா என்று அந்தோணியாருக்குத்தான் தெரியும்.

ஆனால் அந்த ஓட்டம்! நினைத்தாலே உட்கார்ந்த இடத்தில் தொடை துடித்தது. பந்து எங்கோ வலது ஓரத்தில் ஜெனிலாவின் காலில் இருந்தது. இடது ஓரத்தில் முன்னால் ஆடுகிற மோனிஷா கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே போயிருந்தாள், அவளுக்கு ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தார்கள், ஆக இடதுபக்கம் முழுக்க ஆளே இல்லை. பச்சையும் மண்ணும் கலந்த அந்தப் பெரிய வெறுமை. எப்சிபா அதைப் பார்த்தாள். பார்த்தாள் என்றால் கண்ணால் மட்டுமில்லை, மாடியில் துணி உலர்த்தும்போது மழை வரும் முன்னே தோலில் தெரியுமே, அந்த மாதிரி. போகாதே என்றது ஒன்று. அது கோமளாவின் குரலா, அம்மாவின் குரலா, தெரியவில்லை. காலியாக இருக்கிறதே என்றது இன்னொன்று. அதற்குள் கால் போய்விட்டது. வெள்ளைக்கோடு காலுக்குக் கீழே போனது தெரிந்தது, சுண்ணாம்பு ஷூவில் பட்டதுகூடத் தெரிந்தது. அதற்கப்புறம் சத்தமே இல்லை, தன் மூச்சு மட்டும், எதிர் டீமின் இரண்டு பேர், மஞ்சள் சட்டை, பெரிய உடம்பு, ஜெனிலாவை விட்டுவிட்டு இவளைப் பார்த்துத் திரும்பினார்கள். இரண்டு பேர்! என்னைப் பார்த்து! அந்த நொடியில் நடுவில் கதவு திறந்த மாதிரி ஒரு சந்து விழ, ஜெனிலா உள்ளே வெட்டி வந்து ஒரே அடி. கோல். எல்லாரும் ஜெனிலா மேல் போய் விழுந்தார்கள், தண்ணீர் பாட்டில் பறந்தது, ஜெனிலாவின் அப்பா வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடிவந்தார். எப்சிபா திரும்பி ஓடினாள், யாரும் பார்க்கும் முன் தன் வீட்டுக்குத் திரும்பி, ஒன்றும் தெரியாதவள் மாதிரி நின்றுகொண்டாள். யாரும் பார்க்கவில்லை. அன்று ராத்திரி சோறு போடும்போது புருஷன் சேவியர், "கோலு யாரு போட்டா?" என்று கேட்டான். "ஜெனிலா" என்றாள். தொண்டை வரை வந்தது, ஆனா அந்தக் கதவ நான்தான் தொறந்தேங்க என்று. வந்ததை ரசத்தோடு விழுங்கிவிட்டாள்.

"ஐம்பத்தேழு" என்றாள் கோமளா தனக்குள் சொல்லிக்கொள்கிற மாதிரி. எப்சிபா நிமிர்ந்து உட்கார்ந்தாள். திரையில் பந்து வலது ஓரத்துக்குப் போனது, இப்போது, இப்போது, தரையைப் பார்க்காதே, கண்ணை எடுக்காதே, ஜெனிலா நிறுத்துகிறாள், நிமிர்கிறாள், அந்தப் பேனர் பெண்ணின் மூக்குத்தி இருக்கிற இடத்தில் மஞ்சள் சட்டைகள், இதோ நான் வரவேண்டியது, மேல் மூலையில், தூரத்து ஓரத்தில், இதோ. அந்த நேரம் பார்த்து வரதன் ஜெனிலாவின் முகத்துக்குப் போய்விட்டார். தாலி கட்டுகிற நேரத்தில் மணப்பெண் முகத்துக்குப் போகிற அதே கை. ஜெனிலாவின் கண், ஜெனிலாவின் பல், ஜெனிலாவின் வேர்வைத் துளி, கொஞ்சம் பின்னால் வந்து இடுப்பு வரை, சுற்றி நான்கைந்து மஞ்சள் சட்டை, அடி, கோல், அறை அதிர்ந்தது, விசில், "ஜெனி! ஜெனி!" என்று தரையைத் தட்டுகிறார்கள். எப்சிபா இல்லை. எங்கேயும் இல்லை. கால் நுனிகூட இல்லை. அவள் வாயைத் திறந்தபடியே இருந்தாள். முதலில் வந்தது ஆறுதல்தான், வெட்கக்கேடு, ஆறுதல், தப்பித்தேன், நாளைக்கு ஆடுவேன். அது முழுசாக வந்து சேரும் முன்னேயே அதன் பின்னால் இன்னொன்று வந்தது, பந்தியில் தன் இலையை மட்டும் தாண்டிப் போனால் வருமே, அது. அப்படியானால் நான் ஓடவே இல்லையா? வீடியோவில் இல்லாதது நடந்ததா? கோட்டுச் சுண்ணாம்பு, ஷூவில் வெள்ளை, அதையும் துவைத்துவிட்டேனே. தானே கற்பனை பண்ணிக்கொண்டதோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

கோமளா கை தட்டவில்லை. "வரதண்ணே, பின்னாடி போங்க. அங்கயே நிறுத்துங்க." படம் நின்றது. ஜெனிலா அடிக்கக் காலைத் தூக்கிய கணம். குச்சி ஜெனிலாவைத் தாண்டிப் போனது. இரண்டு மஞ்சள் சட்டையைத் தொட்டது, ஒருத்தியின் முதுகு, இன்னொருத்தியின் பாதி உடம்பு, திரையின் விளிம்பில் வெட்டுப்பட்டு. "கோலு இங்க. பந்து இங்க. இவளுங்க ரெண்டு பேரும் எங்க போறாளுங்க?" குச்சியால் அந்த முதுகைத் தட்டினாள். "அடிக்கப் போறவள வுட்டுட்டு, முதுகக் காட்டிக்கினு, அந்தப் பக்கம் ஓடுறாளுங்க. யாரப் பாத்து?" "மோனிஷாவப் பாத்து இருக்கும் கோச்" என்றாள் ஜெனிலா. "நான் வெளிய இருந்தேன்டீ, ஸ்ப்ரே அடிச்சிக்கினு இருந்தாங்க" என்றாள் மோனிஷா. கோமளா திரும்பினாள். அறையில் இருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். "அப்ப அங்க யாரு? பேயா?" அந்தப் பார்வை கடைசி வரிசையை நோக்கி வந்துகொண்டிருந்தது. சும்மா இரு. சும்மா இருந்தால் போதும், படத்தில் இல்லை, யாராலும் சொல்ல முடியாது, நாளைக்கு உள்ளே. சொன்னால் சுகன்யா உள்ளே. சுகன்யா இப்போது முழங்காலைக் கட்டியிருந்த கையை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், அவளுக்குத் தெரிந்துவிட்டதோ, அவளும் ஒருநாள் அந்தக் கோட்டைத் தாண்டியவள்தானே, அவளுக்குத் தெரியுமே அது எப்படி இருக்கும் என்று. அந்த மஞ்சள் சட்டைகளின் முதுகையே எப்சிபா பார்த்தாள். எவ்வளவு அவசரம் அந்த முதுகுகளில்! எவ்வளவு பயம்! என்னைப் பார்த்துப் பயந்து ஒருத்தி இப்படி ஓடியிருக்கிறாள், அதை அனாதையாக விடுவதா, பேய் என்று விடுவதா? "நான்தான்" என்று ஒரு குரல் கேட்டது. அது தன் குரல்தான் என்று எல்லாரும் திரும்பிய பிறகுதான் தெரிந்தது.

"எப்சிபாக்காவா?" என்று ஜெனிலா வாயைப் பிளந்தாள். கோமளா குச்சியைக் கீழே இறக்கினாள். "நடுக்கோட்டத் தாண்டுனீங்களா?" "தாண்டினேன் கோச்." "எவ்ளோ தூரம்?" "அவங்க கோலு பாக்ஸ் வரிக்கும்." யாரோ உஸ் என்றார்கள். "ஏன்?" என்றாள் கோமளா. இந்தக் கேள்விக்கு இரண்டு நாளாகப் பதில் தயார் பண்ணி வைத்திருந்தாள் எப்சிபா. நல்ல பதில், மோனிஷா வெளியே போனது, எதிர் டீமின் ரைட் பேக் மூச்சு வாங்கி நின்றது, எல்லாம் ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தாள். வாயில் வந்தது வேறு. "காலியா இருந்துச்சு" என்றாள். சிரிப்பு எழுந்து பாதியில் நின்றது, கோமளா சிரிக்கவில்லை. "நீங்க போனா இங்கயும்தான காலியாச்சு. அத யார் பாக்கறது? சுகன்யாவுக்கு ஒரு நியாயம், உங்களுக்கு ஒரு நியாயமா?" என்றாள். எப்சிபா தலையை ஆட்டினாள். அவ்வளவுதான், முடிந்தது. ஆனால் ஆச்சரியம், மார்பில் பாரம் இல்லை, திகுதிகுவென்று ஏதோ எரிந்துகொண்டிருந்தது, சொல்லிவிட்டேன், நான் ஓடினேன், இத்தனை பேருக்கும் தெரியும், இனி அது நடந்தது நடந்ததுதான். "அண்ணே, இன்னும் பின்னாடி. நீங்க மூஞ்சிக்குப் போறதுக்கு முன்னாடி. முழு கிரவுண்டும் தெரியற மாதிரி" என்றாள் கோமளா.

படம் பின்னோக்கி ஓடியது, தூக்கிய கால் கீழே இறங்கியது, ஜெனிலா பின்பக்கமாக நடந்தாள், மைதானம் முழுசாக விரிந்தது. தூரத்து ஓரத்தில், கட்டைவிரல் அளவில், எப்சிபா. நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம், சட்டப்படி. குச்சி அவள் பின்னால் இருக்கப்போகிற காலி இடத்தைத் தொடப் போனது. தொடவில்லை. அந்தரத்தில் நின்றது. "ஓட்டுங்க. மெதுவா" என்றாள் கோமளா. ஓடியது. எப்சிபா தன்னையே பார்த்தாள், தரையைப் பார்க்காமல், முதல் தடவையாக. அந்தக் கட்டைவிரல் உருவம் இன்னும் நிற்கிறது, நகரவில்லை. ஆனால் நடுக்களத்திலிருந்து வேறொரு உருவம் நகர்கிறது, பந்து போகிற பக்கத்துக்கு இல்லை, நேர் எதிர்ப்பக்கம், பின்னால், இடதுபக்கம், தலை தெறிக்க ஓடுகிறது, எப்சிபாவின் வீட்டைப் பார்த்து. அது பாதி தூரம் வந்த பிறகுதான் எப்சிபாவின் உருவம் அசைகிறது, அவள் கோட்டைத் தொடும் முன்னே படம் ஜெனிலாவின் முகத்துக்குப் போய்விடுகிறது. "தமீமா" என்றாள் கோமளா, மெல்ல. "அவங்க இன்னும் கெளம்பவே இல்ல. நீ எப்படி முன்னாடியே போன? கூப்ட்டாங்களா?" தமீமாவுக்கு வாய் அடைத்துப்போனதை அன்றைக்குத்தான் எல்லாரும் பார்த்தார்கள். "இல்ல கோச்" என்றாள். "அப்ப?" "தெரியும்." "இன்னாடீ தெரியும்?" தமீமா பின்னால் திரும்பாமலே சொன்னாள். "ஆயா ஓடப்போறதுக்கு முன்னாடி ரெண்டு கையையும் டிராயர்ல தொடைப்பா. ரெண்டு தபா. எப்பவும். வேணும்னா பெருசு பண்ணிப் பாருங்க." வரதன் பெரிதாக்கினார். உருவம் சதுரம் சதுரமாக உடைந்தது, முகம் இல்லை, கண் இல்லை, ஆனால் கை தெரிந்தது, இரண்டு கையும் இடுப்புக்கு வந்து, கீழே இழுத்து, மறுபடி வந்து, கீழே இழுத்து. மாவு பிசைந்த கையைத் துடைக்கிற மாதிரி. பிறகு ஓட்டத்தின் முதல் அடி. எப்சிபா முன்னால் சாய்ந்தாள். இது நானா? இது எப்போதிலிருந்து? தனக்கே தெரியாத ஒன்றைத் தன் உடம்பு சீசன் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறது, வாய்க்கு வாய் திட்டிக்கொண்டே ஒருத்தி அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், பார்த்ததோடு விடாமல் ஓடியிருக்கிறாள், கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, யாரும் அவளை ஏன் என்று கேட்காமல், அவள் ஓடியதும் எந்த வீட்டிலும் சோறு போடும்போது பேசப்படாமல். நான் குளுக்கோஸ் தண்ணிகூட வாங்கலியே. "ஏன்டீ சொல்லல?" என்று கேட்டுவிட்டாள் எப்சிபா, எல்லார் முன்னாலும். "நீதான் எங்கூட பேசலியே ஆயா" என்றாள் தமீமா.

அறை சிரித்தது, சுகன்யாவும் சிரித்தாள், தோளால் எப்சிபாவின் தோளை ஒரு இடி இடித்தாள், அதில் கொஞ்சம் கோபமும் இருந்தது. கோமளா மட்டும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரதனை மறுபடி ஓட்டச் சொன்னாள், கை இடுப்புக்கு வரும் இடத்தில் நிறுத்தினாள், மறுபடி ஓட்டினாள். எப்சிபா அந்தக் குச்சியையே பார்த்தாள். சட்டம் சட்டம்தானே, என்ன சொல்வாள், சொல்லட்டும், சீக்கிரம் சொல்லட்டும். கோமளா கேரம் காய்களை எடுத்துத் தரையில் வைக்க ஆரம்பித்தாள், கறுப்பு ஒன்பதோடு சிவப்பும் ஸ்ட்ரைக்கரும் சேர்த்துப் பதினொன்று, எதிரே வெள்ளை. இடது ஓரத்துக் காய் மேல் விரலை வைத்து, வைத்த விரலை எடுக்காமல் யோசித்தாள். "சுகன்யா, உன்ன நான் உக்கார வச்சது நீ போனதுக்கு இல்ல. நீ போனது உனக்கு மட்டும்தான் தெரியும், அதுக்கு" என்றாள். சுகன்யா அந்தக் காயையே பார்த்தாள். பிறகு கோமளா நிமிர்ந்தாள். "நாளைக்கு நம்மகூட ஆடப்போற டீமோட கோச்சு செமி ஃபைனல் அன்னிக்கு கேலரில உக்காந்துக்கினு இருந்தாரு. செல்போனத் தூக்கிப் புடிச்சிக்கினு மொத்த ஆட்டத்தையும் எடுத்தாரு. அவரு நம்ம வரதண்ணன் மாதிரி மூஞ்சிக்கெல்லாம் போறவரு இல்ல. தமீமாவுக்குத் தெரிஞ்சது அவருக்கும் தெரிஞ்சிருக்கும்." குச்சியை எடுத்து எப்சிபாவை நேராகக் காட்டினாள், திரையில் இருப்பவளை இல்லை, மூலையில் உட்கார்ந்திருப்பவளை. "அக்கா, நாளைக்கு கையத் தொடைச்சிட்டு நில்லுங்க. போகாதீங்க. ஒரு தபா, ரெண்டு தபா தொடைங்க, அவங்க ஆளு உங்களப் புடிக்க ஓடிவந்து ஏமாறட்டும். அப்புறம் தொடைக்காம போங்க." எப்சிபா "சரி கோச்" என்றாள். சொல்லும்போதே இரண்டு உள்ளங்கையும் நனைந்து வழிந்தன, அவற்றை எங்கே வைப்பதென்று தெரியாமல் காற்றில் விரித்துப் பிடித்துக்கொண்டு, இனி துடைக்காமல் போனால் இவளுக்கு எப்படித் தெரியும் என்று அவள் தமீமாவைப் பார்த்தாள்.